மைக்ரோகெர்னல்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் எடுக்கும்போது 'மைக்ரோகெர்னல்' என்று வாயைத் திறந்தால் போதும், ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வரிசையாக வரும். ஒவ்வொரு முறையும் சொல்லி அலுத்துப்போய் ஒரு வழியாக எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். முடிந்தால் மேலிருந்து படியுங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

மைக்ரோகெர்னல்னா சின்ன கெர்னல், அவ்வளவுதானே?

கெர்னல் என்பது வன்பொருளை ஆளும், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. மைக்ரோகெர்னல் சின்னதாக இருப்பது உண்மைதான், ஆனால் அது விளைவு. புராசஸருக்கு இரண்டு நிலைகள் உண்டு: எதையும் தொடலாம் என்ற கெர்னல் மோடு, கை கட்டப்பட்ட யூசர் மோடு. அந்த முழு அதிகாரத்தோடு எந்தெந்த நிரல் ஓடலாம் என்பதுதான் கேள்வி. லினக்ஸில் கோப்பு முறைமை, நெட்வொர்க் அடுக்கு, சாதனங்களை இயக்கும் டிரைவர்கள் எல்லாமே அந்த அதிகாரத்தோடு, ஒரே முகவரி வெளிக்குள் (ஒரு நிரலால் தொட முடிகிற நினைவகப் பரப்புக்குள்) ஓடுகின்றன. அதிலிருந்து வேண்டாததையெல்லாம் வெட்டி ஒரு மெகாபைட்டுக்குள் அடக்கினாலும் அது எல்லாம் ஒன்றாக ஓடும் ஒற்றைக்கல் கெர்னல்தான்.

மைக்ரோகெர்னலில் அதிகாரத்தோடு ஓடுவது மூன்றே விஷயங்கள்: முகவரி வெளிகளைப் பிரித்துக் கொடுப்பது, திரெட்களை (நிரலின் ஓட்டங்களை) மாற்றி மாற்றி ஓட்டுவது, புராசஸ்களுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு) இடையே செய்தி கடத்துவது. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் ஐபிசி என்பார்கள். 'வேலை முடிந்தது' என்று வன்பொருள் தட்டிச் சொல்லும் இன்டரப்ட்கூட டிரைவருக்கு ஒரு செய்தியாகவே போய்ச் சேரும். எல்4 கெர்னலை எழுதிய யோகன் லீட்கே 1995-ல் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார்: ஒரு கருத்தை வெளியே எடுத்தால் சிஸ்டம் தன் வேலையைச் செய்யவே முடியாது என்ற நிலை இருந்தால் மட்டும் அது உள்ளே இருக்கலாம். 'வெளியே எடுத்தால் மெதுவாகிவிடும்' என்பது அவர் கணக்கில் காரணமே இல்லை.

அப்போ ஃபைல் சிஸ்டம், டிரைவர் எல்லாம் எங்க போகும்? ஒரு ஃபைலைப் படிக்கணும்னா என்ன நடக்கும்?

அவை சாதாரண புராசஸ்களாக யூசர் மோடில் ஓடும். 'சர்வர்' என்று அழைப்பது வழக்கம்.

ஒரு நிரல் ஒரு கோப்பிலிருந்து 4 கிலோபைட் கேட்கிறது என்று வையுங்கள். லினக்ஸில் அது ஒரு சிஸ்டம் கால், அதாவது கெர்னலுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கெர்னலுக்குள் நுழைந்தபிறகு கோப்பு முறைமை, பிளாக் அடுக்கு, டிஸ்க் டிரைவர் வரைக்கும் எல்லாமே சாதாரண ஃபங்ஷன் கால்தான். ஒன்று அடுத்ததற்கு ஒரு பாயின்டரை (நினைவக முகவரியை) நீட்டுகிறது, வேலை முடிகிறது.

மைக்ரோகெர்னலில் அதே வேலைக்கு நிரல் கோப்பு சர்வருக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். கோப்பு சர்வர், முன்பு படித்ததை வைத்திருக்கும் தன் கேஷில் தேடும். இல்லையென்றால் டிஸ்க் டிரைவருக்கு இன்னொரு செய்தி. டிரைவர் டிஸ்க்குக்குக் கட்டளை போட்டுவிட்டு இன்டரப்ட்டுக்காகக் காத்திருக்கும். இன்டரப்ட் வரும், அதுவும் செய்தி. அப்புறம் டிரைவரிடமிருந்து கோப்பு சர்வருக்குப் பதில், அங்கிருந்து நிரலுக்குப் பதில். நான்கு செய்திகள், ஓர் இன்டரப்ட் அறிவிப்பு, ஒவ்வொன்றிலும் முகவரி வெளி மாற்றம். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிச் சண்டைகள் இதைப் பற்றியதுதான்.

லினக்ஸ்லயும் மாட்யூலைக் கழற்றி மாட்டலாமே. அது பாதி மைக்ரோகெர்னல் இல்லையா?

இல்லை. பிறகு கெர்னலில் ஏற்றும் துண்டான மாட்யூல், கோப்பாக இருக்கும்போதுதான் தனி. ஏற்றியபிறகு கெர்னலின் நினைவகத்திலேயே, அதே அதிகாரத்தோடு உட்காரும். அதில் ஒரு தவறான பாயின்டர் இருந்தால் பக்கத்துக் கோப்பு முறைமையின் தரவையும் அழிக்கும். கழற்ற முடிவது ஒரு வசதி, அவ்வளவுதான். நடுவில் சுவர் கிடையாது.

மைக்ரோகெர்னல் மெதுவானதுன்னு ஊருக்கே தெரியுமே?

அந்தப் பெயர் வந்தது மாக் கெர்னலால். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1985 வாக்கில் ஆரம்பித்த திட்டம் அது. யூனிக்ஸை உள்ளே வைத்துக்கொண்டே வளர்ந்து, 3.0 பதிப்பில்தான் அதை வெளியே தள்ளியது. அதன் ஐபிசி ரொம்பவே கனமானது. போர்ட் (செய்தி வந்து சேரும் வாசல்) உரிமைகளைச் சரிபார்ப்பது, செய்தியை வரிசையில் போடுவது, இடையில் நகலெடுப்பது என்று ஒவ்வொரு செய்திக்கும் ஏகப்பட்ட சடங்கு. அதை அளந்து பார்த்தவர்கள் 'மைக்ரோகெர்னல் என்றாலே இப்படித்தான்' என்று முடிவு கட்டினார்கள்.

லீட்கே அதை ஏற்கவில்லை. 1993-ல் தன் எல்3 கெர்னலில் செய்து காட்டினார். ஒரே 486 புராசஸரில் ஒரு குட்டிச் செய்திக்கு மாக் சுமார் 115 மைக்ரோசெகண்ட் எடுத்தது. அவருடையது சுமார் 5. இருபது மடங்குக்கு மேல். மந்திரம் எதுவும் இல்லை. சின்னச் செய்தியை நினைவகத்துக்கே கொண்டுபோகாமல் புராசஸரின் ரெஜிஸ்டரிலேயே கடத்தினார். செய்தி கிடைத்தவுடன் அடுத்து யாரை ஓட்டுவது என்று முடிவு செய்யும் ஷெட்யூலரைக் கேட்காமல் நேராகப் பெறுபவரை ஓடவிட்டார். ஐபிசி பாதை முழுவதும் புராசஸரின் கேஷில் மிகக் கொஞ்ச இடமே பிடிக்கும்படி பார்த்துக்கொண்டார். மாக்கின் உண்மையான நோய் அதன் பருமன் என்பது அவர் வாதம். செய்தி கடத்தும்போது கெர்னலே கேஷை நிரப்பிவிட்டால், திரும்பி வரும் நிரல் தன் தரவை மறுபடி முதலிலிருந்து இழுத்துவர வேண்டியிருக்கும்.

1997-ல் லினக்ஸையே எல்4 மேல் ஒரு யூசர் புராசஸாக ஓட்டி அளந்தார்கள். நேரடி லினக்ஸைவிட 5 முதல் 10 சதவீதம்தான் மெதுவு. மாக் மேல் ஓடிய லினக்ஸ் அதைவிடப் பலமடங்கு பின்தங்கியது. அன்றோடு 'மெதுவு' என்ற வாதம் செத்திருக்க வேண்டும். இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறது.

அப்போ வேகப் பிரச்சினை முழுசா தீர்ந்துடுச்சா?

அப்படியும் சொல்ல மாட்டேன். 1997 சோதனையில் லினக்ஸ் முழுவதும் ஒரே சர்வராக ஓடியது. அதாவது கோப்பு முறைமைக்கும் டிரைவருக்கும் இடையே சுவரே எழுப்பவில்லை. நிரலுக்கும் லினக்ஸ் சர்வருக்கும் இடையே மட்டும்தான் செய்தி. மேலே சொன்ன கோப்பு வாசிப்பைப்போல நாலைந்தாகப் பிரித்தால் சுவர்களின் எண்ணிக்கை கூடும், செலவும் கூடும். ஒரு செய்தியின் விலையை லீட்கே குறைத்தார். எத்தனை செய்தி என்பது வடிவமைப்பவர் கையில் இருக்கிறது.

செய்தியை எண்ணும்போது தரவை மறந்துவிடக் கூடாது. பெரிய தரவைச் செய்தியாக அனுப்பும் சிஸ்டத்தைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். முறையான வழி, இரு பக்கமும் ஒரு நினைவகப் பகுதியைப் பகிர்ந்துகொண்டு, 'அங்கே வைத்துவிட்டேன், பார்' என்று மட்டும் செய்தி அனுப்புவது. பல வேலைகளை வரிசையில் போட்டுவிட்டு ஒரே அறிவிப்பு அனுப்பினால் இன்னும் நல்லது. லினக்ஸே 2019-ல் கொண்டுவந்த ஐஓ-யூரிங் இதே தந்திரம்தான்.

இன்னொரு வேடிக்கை. 2018-ல் புராசஸர்களில் இருந்த மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, ஒற்றைக்கல் கெர்னல்களும் ஒவ்வொரு சிஸ்டம் காலிலும் பேஜ் டேபிளை (எந்த முகவரி நினைவகத்தில் எங்கே என்ற அட்டவணையை) மாற்றவேண்டிய நிலை வந்தது. மைக்ரோகெர்னல்காரர்கள் காலங்காலமாகக் கட்டிவந்த வரியை மற்றவர்களும் கொஞ்சம் கட்டினார்கள். முகவரி வெளிகளுக்கு எண் கொடுத்து அந்த அட்டவணையின் அண்மைப் பதிவுகள் இருக்கும் டிஎல்பியை முழுக்கத் துடைக்காமல் வைத்திருக்கும் புராசஸர் வசதி இரு தரப்புக்குமே கைகொடுத்தது.

ஷெட்யூலர் உள்ளேதானே இருக்கு? அதையும் வெளியே தூக்கிப் போடலாமே?

போட்டுப் பார்த்திருக்கிறார்கள். யாரை அடுத்து ஓட்டுவது என்று கேட்க ஒவ்வொரு முறையும் யூசர் மோடுக்குப் போய் வந்தால் தாங்காது. அதனால் பெரும்பாலான கெர்னல்கள் எளிய முன்னுரிமை வரிசை ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு, எண்களை வெளியிலிருந்து கொடுக்கச் சொல்கின்றன. 'இயக்கும் கருவி உள்ளே, கொள்கை வெளியே' என்ற விதி ஷெட்யூலரிடம் வரும்போது கொஞ்சம் வளைந்துதான் போகிறது. இதை ஒப்புக்கொள்ளாத மைக்ரோகெர்னல் பக்தர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

நினைவகத்தில் இந்த விதி அழகாக வேலை செய்யும். ஒரு நிரல் தன்னிடம் இல்லாத நினைவகப் பக்கத்தைத் தொட்டால் கெர்னல் தானே முடிவெடுக்காது. 'இவன் இந்த முகவரியைத் தொட்டான்' என்று பேஜர் எனப்படும் வெளிப் புராசஸுக்குச் செய்தி அனுப்பும். எந்தப் பக்கத்தைக் கொடுப்பது என்பது பேஜரின் பாடு. எல்4 வழிவந்த எஸ்இஎல்4 கெர்னல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இயக்கம் தொடங்கியபிறகு கெர்னல் தனக்காக நினைவகம் ஒதுக்கிக்கொள்வதே இல்லை. ஒரு திரெட்டை உருவாக்க வேண்டுமென்றால், கேட்பவர்தான் தன் கையிலிருந்து நினைவகம் கொடுக்க வேண்டும். ஒருவன் ஆயிரம் திரெட் கேட்டு கெர்னலின் நினைவகத்தைத் தீர்க்க முடியாது, தன்னுடையதைத்தான் தீர்த்துக்கொள்வான். இதன் விலை என்னவென்றால், முதல் நிரலை எழுதி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

செய்தி அனுப்பிட்டுக் காத்திருக்கணுமா, அனுப்பிட்டுப் போயிட்டே இருக்கலாமா? எது சரி?

காத்திருக்கும் முறையில் அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே நேரத்தில் தயாராக இருந்தால்தான் செய்தி கைமாறும். அதனால் கெர்னலுக்குள் செய்தியைச் சேர்த்துவைக்க இடமே வேண்டாம். லீட்கேயின் வேகத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பெறுபவர் பதில் தராமல் உட்கார்ந்துவிட்டால் அனுப்பியவரும் சேர்ந்து தொங்குவார். வேண்டுமென்றே தொங்கவிடும் ஒரு கெட்ட நிரலே போதும்.

காத்திருக்காத முறையில் செய்திகளை எங்காவது சேர்த்துவைக்க வேண்டும். எவ்வளவு? நிரம்பினால் என்ன செய்வது? யார் நினைவகம்? மாக் இந்தக் கேள்விகளில்தான் மூழ்கியது. இப்போது பலர் வந்து சேர்ந்திருக்கும் இடம் நடுவில் இருக்கிறது: வேலை கேட்பதற்குக் காத்திருக்கும் செய்தி, 'ஏதோ நடந்தது' என்று சொல்வதற்கு ஒரு பிட்டை மட்டும் தூக்கிவிடும் அறிவிப்பு. பிட்டுக்கு வரிசை தேவையில்லை. பத்து முறை தூக்கினாலும் ஒரே பிட்தான். என்ன நடந்தது என்ற விவரம் பகிர்ந்த நினைவகத்தில் இருக்கும்.

டிரைவர் செத்தா திரும்பக் கிளப்பிக்கலாம்னு சொல்றாங்களே, நிஜமாவே அவ்வளவு சுலபமா?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். மைக்ரோகெர்னலை விற்பவர்கள் இதைத்தான் முதலில் காட்டுவார்கள். அதன் உண்மையான சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

2005-ல் வந்த மினிக்ஸ் 3 எனும் மைக்ரோகெர்னல் சிஸ்டத்தில் மறுபிறவி சர்வர் என்று ஒன்று உண்டு. டிரைவர்களைக் கவனித்துக்கொண்டே இருக்கும், ஒன்று விழுந்தால் புதிதாக ஒன்றைக் கிளப்பும். நெட்வொர்க் வழியாக ஒரு பெரிய கோப்பை இறக்கிக்கொண்டிருக்கும்போது அதன் டிரைவரை நானே கொன்று பார்த்திருக்கிறேன். இறக்கம் ஒரு கணம் நின்றது, பிறகு தொடர்ந்தது. பக்கத்தில் நின்ற மாணவர் 'நீங்க கொல்லவே இல்ல' என்றார். புராசஸ் எண் மாறியிருந்ததைக் காட்டியபிறகுதான் நம்பினார்.

ஆனால் அது ஏன் வேலை செய்தது என்று யோசியுங்கள். டிரைவரோடு சேர்ந்து சில பாக்கெட்டுகள் தொலைந்தன. டிசிபி அவற்றை மறுபடி அனுப்பச் சொன்னது. தொலைவதற்கு ஏற்கனவே தயாராக இருந்த ஒரு நெறிமுறை மேலே இருந்ததால் பிழைத்தோம். டிஸ்க் டிரைவரிலும் ஏறக்குறைய அப்படித்தான். 'இந்த 4 கிலோபைட்டை இந்த இடத்தில் எழுது' என்ற கட்டளையை இரண்டு முறை கொடுத்தாலும் கெடுதல் இல்லை. பதில் வராத கட்டளைகளைக் கோப்பு சர்வர் புது டிரைவரிடம் மறுபடி கொடுத்தால் போதும். பிரின்டரில் கதை மாறும். பாதிப் பக்கம் அச்சானபோது டிரைவர் செத்தால், மறுபடி அனுப்பினால் ஒரே பக்கம் இரண்டு முறை வரும். ஒலியில் ஒரு விக்கல் கேட்கும். குறுந்தகட்டில் எழுதிக்கொண்டிருந்தால் தகடே வீண்.

விழுந்தது டிரைவர் இல்லாமல் கோப்பு சர்வராக இருந்தால்? யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார்கள், எவ்வளவு தூரம் படித்திருக்கிறார்கள், டிஸ்க்குக்குப் போகாத தரவு எவ்வளவு என்பதெல்லாம் அதன் நினைவகத்தோடு போய்விட்டது. அதை வேறெங்காவது சேமித்து வைத்திருக்கலாமே என்பீர்கள். சரி, ஆனால் அதைக் கெடுத்த பிழையே கெட்ட தரவையும் சேமித்திருக்கும். புதியவன் அதைப் படித்துவிட்டு அதே இடத்தில் விழுவான். சுவர் எழுப்புவதில் பாதி வேலைதான் முடிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவன் காணாமல்போய்த் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு சர்வருக்கும் எழுதி வைப்பது மீதிப் பாதி. பல திட்டங்கள் இந்த இரண்டாம் பாதியில்தான் களைத்துப்போகின்றன. ஐபிசியின் மைக்ரோசெகண்டுகள் எந்தத் திட்டத்தையும் கொன்று நான் பார்த்ததில்லை.

டிரைவர் யூசர் மோட்ல இருந்தா பாதுகாப்பு தானா வந்துடுமா?

புராசஸர் பார்வையில் வந்துவிடும். வன்பொருள் பார்வையில் வராது. நெட்வொர்க் அட்டையோ டிஸ்க்கோ புராசஸரைக் கேட்காமல் நேராக நினைவகத்தில் எழுதும், டிஎம்ஏ என்பார்கள். யூசர் மோடில் இருக்கும் டிரைவர் தன் சாதனத்திடம் 'கெர்னல் இருக்கும் முகவரியில் எழுது' என்று சொன்னால் சாதனம் எழுதிவிடும். சுவர் காகிதச் சுவராகிவிடும். ஐஓஎம்எம்யூ எனும் வன்பொருள் நடுவில் நின்று, எந்தச் சாதனம் எந்தப் பக்கத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தினால்தான் டிரைவரைத் தனிமைப்படுத்தியதாக அர்த்தம். மலிவான சிப்கள் பலவற்றில் அது இருக்காது. வாங்கும் முன் பாருங்கள்.

அது இருந்தால் பலன் பெரிது. லினக்ஸின் டிரைவர்களில் பிழை விகிதம் மற்றப் பகுதிகளைவிட 3 முதல் 7 மடங்கு வரை அதிகம் என்று 2001-ல் ஓர் ஆய்வு கண்டது. 2018-ல் இன்னோர் ஆய்வு லினக்ஸின் மிக ஆபத்தான ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, மைக்ரோகெர்னல் அமைப்பாக இருந்திருந்தால் அவற்றில் 96 சதவீதம் அந்த உச்ச ஆபத்து நிலையை எட்டியிருக்காது என்றது. அதை எழுதியவர்கள் எஸ்இஎல்4 பக்கத்து ஆட்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அவர்கள் வாதத்தில் பெரிய ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

2024-ல கிரவுட்ஸ்டிரைக் விழுந்துச்சே, மைக்ரோகெர்னலா இருந்தா தப்பிச்சிருக்குமா?

2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தரவுக் கோப்பை, கெர்னலுக்குள் ஓடிய அதன் டிரைவர் தவறாகப் படித்து, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. அதே நிரல் தனிப் புராசஸாக இருந்திருந்தால் அந்தப் புராசஸ் மட்டும் விழுந்திருக்கும்.

ஆனால் முந்தைய மறுபிறவிக் கதையைச் சேர்த்துப் பாருங்கள். மறுபடி கிளப்பினால் அதே கோப்பைப் படித்து மறுபடி விழும். பத்து முறை விழுந்தபிறகு, பாதுகாப்பு மென்பொருள் இல்லாமலே கணினியை ஓடவிடலாமா? சில இடங்களில் கூடாது என்பார்கள். அந்த முடிவை மனிதர்கள் எடுக்க வேண்டும். எடுப்பதற்குக் கணினி நின்றுபோகாமல் இருந்திருக்கும் என்பது மட்டும் உறுதி.

எஸ்இஎல்4-ல பிழையே இல்லைன்னு நிரூபிச்சுட்டாங்களாமே?

நிரூபித்தது என்ன என்று சரியாகச் சொல்ல வேண்டும். 2009-ல் சுமார் 8,700 வரி சி நிரலும், அது எப்படி நடக்க வேண்டும் என்ற கணித விவரணையும் ஒத்துப்போகின்றன என்று கணினி சரிபார்க்கும் சான்றாக எழுதினார்கள். சான்று மட்டும் சுமார் 2 லட்சம் வரி. கம்பைலர், அசெம்ப்ளிப் பகுதி, தொடக்க நிரல், வன்பொருள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று அன்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு உருவாகும் பைனரி வரை சான்றை நீட்டி, கம்பைலரை நம்ப வேண்டிய தேவையைக் குறைத்தார்கள்.

எனவே அதன் மேல் ஓடும் உங்கள் டிரைவரில் ஆயிரம் பிழை இருக்கலாம். நேரத்தை அளந்து ரகசியத்தைக் கறக்கும் தாக்குதல்களும் அந்தச் சான்றுக்குள் வராது. மைக்ரோகெர்னலின் சின்ன உருவம் உண்மையாகவே காசாக மாறிய இடம் என்றால் இதுதான். கோடிக்கணக்கான வரி கொண்ட லினக்ஸுக்கு இப்படி ஒரு சான்றை எழுத யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

விண்டோஸ், மேக் ரெண்டும் ஹைப்ரிட் கெர்னல்னு படிச்சேன். அது என்ன?

பெரும்பாலும் விளம்பரச் சொல். மேக்கின் கெர்னலுக்குள் மாக் இருக்கிறது, ஆனால் யூனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி பகுதியும் அதே முகவரி வெளியில் உட்கார்ந்து ஃபங்ஷன் கால் மூலமே பேசுகிறது. சுவர் இல்லாதபோது மைக்ரோகெர்னல் என்ற பெயர் மட்டும் எதற்கு? விண்டோஸ் என்டி தொடக்கத்தில் வரைகலைப் பகுதியைத் தனிப் புராசஸாக வைத்திருந்தது. 1996-ல் வந்த 4.0 பதிப்பில் வேகத்துக்காக அதைக் கெர்னலுக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. ஆப்பிள் 2019-ல் டிரைவர்கிட் மூலம் டிரைவர்களை யூசர் மோடுக்குத் தள்ளத் தொடங்கியது. லினக்ஸில் ஃபியூஸ் மூலம் கோப்பு முறைமையை வெளியே எழுதலாம். பெயரை மாற்றாமல் துண்டுதுண்டாக நகர்கிறார்கள்.

1992-ல டானன்பாமும் டோர்வால்ட்ஸும் போட்ட சண்டையில கடைசியா யார் ஜெயிச்சது?

மினிக்ஸை எழுதிய ஆண்ட்ரூ டானன்பாம், லினக்ஸ் காலாவதியான வடிவமைப்பு என்றார். லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் சுடச்சுடப் பதில் சொன்னார். பெரிய கணினிகளிலும் சர்வர்களிலும் லினக்ஸ் வென்றது கண்ணுக்குத் தெரிகிறது. வடிவமைப்பைவிட டிரைவர்கள்தான் அதற்குக் காரணம் என்பது என் கருத்து. ஒரு கெர்னலில் டிரைவர்கள் குவியத் தொடங்கிவிட்டால் அடுத்த சாதனக்காரரும் அங்கேதான் எழுதுவார்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கதை வேறு. ஐபோனில் ரகசியங்களைக் காக்கும் தனிப் பகுதியான செக்யூர் என்கிளேவில் எல்4 வழிவந்த கெர்னல் ஓடுகிறது. கார்களிலும் மருத்துவக் கருவிகளிலும் கியூஎன்எக்ஸ் எனும் மைக்ரோகெர்னல் சிஸ்டம் பல காலமாக இருக்கிறது. இன்டெல் சிப்களுக்குள் ஒளிந்திருக்கும் மேலாண்மை எந்திரத்தில் மினிக்ஸ் ஓடுவது 2017-ல் வெளியே தெரிந்தது. டானன்பாமுக்கே அது செய்தியாகத்தான் வந்தது.

ரஸ்ட் வந்தாச்சு. இனி எதுக்குத் தனித்தனி முகவரி வெளி?

ரஸ்ட் என்பது நினைவகப் பிழைகளை மொழியளவிலேயே தடுக்கும் நிரல் மொழி. நல்ல வாதம், புதிது இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவு 2003-ல் தொடங்கிய சிங்குலாரிட்டி இதையே செய்தது: மொழியே நினைவகப் பிழையைத் தடுத்துவிட்டால் வன்பொருள் சுவர் எதற்கு என்று எல்லாவற்றையும் ஒரே முகவரி வெளியில் ஓட்டினார்கள். லினக்ஸில் 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் ரஸ்ட்டுக்கு முதல் இடம் கிடைத்தது.

ரஸ்ட் தவறான பாயின்டரைத் தடுக்கும். முடிவில்லாமல் சுழலும் டிரைவரையோ, பூட்டைப் பிடித்துக்கொண்டு விடாதவனையோ, சாதனத்துக்குத் தவறான டிஎம்ஏ முகவரி கொடுப்பவனையோ தடுக்காது. அப்படிப்பட்டவனைக் கொன்றுவிட்டு அவன் வைத்திருந்ததையெல்லாம் சுத்தமாகத் திரும்ப வாங்க ஓர் எல்லைக்கோடு வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

புதுசா ஒரு சாதனம் பண்றோம். எதை எடுக்கலாம்?

அந்தச் சாதனத்தில் எத்தனை விதமான வன்பொருள் மாட்டப்போகிறீர்கள் என்று முதலில் எண்ணுங்கள். வருபவர் எதைக் கொண்டுவந்து சொருகினாலும் ஓட வேண்டும் என்றால் லினக்ஸ், விவாதமே வேண்டாம். நாலைந்து சாதனங்கள்தான், அவை மாறப்போவதில்லை, விழுந்தால் ஆபத்து என்றால் மைக்ரோகெர்னல் பக்கம் வாருங்கள். இரண்டும் வேண்டுமென்றால் மைக்ரோகெர்னல் மேல் ஒரு மெய்நிகர் கணினியில் லினக்ஸை ஓட்டி, முக்கியமான பகுதியை மட்டும் தனியாக வைக்கலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். அதில் ஒரு கண்ணி இருக்கிறது: சௌகரியம் பார்த்து எல்லாமே மெல்ல மெல்ல லினக்ஸ் பக்கம் நகர்ந்துவிடும், சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்றும் மிஞ்சாது.

ரெண்டு சர்வர் ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு நின்னா கெர்னல் கண்டுபிடிச்சுச் சொல்லுமா?

சொல்லாது. பயிற்சிக்காக ஒரு குட்டிக் கெர்னல் எழுதியபோது இதில் இரண்டு நாள் போனது எனக்கு. என் கன்சோல் சர்வர் தன் பதிவுகளைக் கோப்பு சர்வரிடம் எழுதச் சொல்லும். கோப்பு சர்வர் ஏதாவது பிழை வந்தால் கன்சோலில் அச்சிடச் சொல்லும். டிஸ்க் நிரம்பிய அன்று இரண்டும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று கூப்பிட்டுவிட்டு அசையாமல் நின்றன. கெர்னல் பார்வையில் இரண்டு திரெட்கள் பதிலுக்காகக் காத்திருக்கின்றன, எல்லாம் முறைப்படி. ஒற்றைக்கல் கெர்னலாக இருந்திருந்தால் ஒரே அழைப்பு அடுக்கில் முழுக் கதையும் தெரிந்திருக்கும். இங்கே ஆளுக்கொரு துண்டாக வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட விதி: சர்வர்களை மேல் கீழாக அடுக்கிவிடு, காத்திருக்கும் அழைப்பு கீழ்நோக்கி மட்டும், மேல்நோக்கி அறிவிப்பு பிட் மட்டும். கோப்பு சர்வர் இப்போது பிழையைப் பகிர்ந்த நினைவகத்தில் எழுதி வைத்துவிட்டுப் பிட்டைத் தூக்கிவிட்டுப் போய்விடுகிறது. கன்சோல் நேரம் கிடைக்கும்போது எடுத்துப் போடும்.

டிஸ்க் டிரைவரே யூசர் புராசஸ்னா, அதோட பக்கங்களையே பேஜர் டிஸ்க்குக்கு அனுப்பிட்டா?

நினைவகம் போதாதபோது பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பி வைப்பது வழக்கம்தான். இங்கே மாட்டிக்கொண்டீர்கள். டிரைவர் ஓட அதன் பக்கம் வேண்டும், பக்கத்தைக் கொண்டுவர டிரைவர் ஓட வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன அடுக்கு விதியை மீறும் சுழல்தான் இதுவும், கொஞ்சம் மறைமுகமாக.

அதனால் டிஸ்க் டிரைவர், கோப்பு சர்வர், பேஜர் மூன்றின் பக்கங்களையும் வெளியே அனுப்பக்கூடாது என்று நினைவகத்தில் ஆணியடித்து வைப்பார்கள். அவை தொடக்கத்திலேயே பூட் படிமத்தோடு வந்து உட்காரும். இன்னொரு நுட்பமும் இருக்கிறது: டிஸ்க் டிரைவர் செத்தால் அதை மறுபடி கிளப்பத் தேவையான பைனரி டிஸ்க்கில்தானே இருக்கும்? அதன் ஒரு நகலை மறுபிறவி சர்வர் நினைவகத்திலேயே வைத்திருக்க வேண்டும். என் குட்டிக் கெர்னலில் அதை மறந்துவிட்டேன். டிரைவரைக் கொன்று காட்டிய முதல் முறை திரும்பி வரவே இல்லை.